சதுரங்கப்பட்டினத்துக்கு ரயில் விட்ட அக்கா

அக்கா கட்டிய கோட்டைச் சுவரை உற்றுப் பார்த்தால் அதில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல் தெரியும்.

அக்கா செங்கல்பட்டில் ஒரு டென்டல் லேபில் பல் செட் செய்பவர். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, ஈறும் பல்லுமாக ஒரு தாடையை வார்த்தெடுப்பார்கள். பல் செட்டை அதன்மேல் வைத்துத்தான் செய்வது. வேலை முடிந்தால் தாடை குப்பைக்குப் போய்விடும். அக்கா விடமாட்டார். உடைந்ததையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்து, அறுத்து, அரத்தால் ராவி, அடுக்கி, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் கையகல இடிந்த சுவராக்கிவிடுவார். பல் இருந்த பள்ளங்கள் செங்கல் பெயர்ந்த இடம் மாதிரியே இருக்கும். ஒரே ஒரு பல்லை மட்டும் ராவ மறந்துவிட்டார். நான் கண்டுபிடித்துக் காட்டியபோது குனிந்து பார்த்தார்.

"அது பீரங்கி குண்டுப்பா. செவுத்துல மாட்டிக்கிச்சி. அப்டியே வுட்டுட்டாங்க" என்றார்.

அக்கா அப்படித்தான். தப்பு நடந்துவிட்டால் அதைத் திருத்தமாட்டார். அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார்.

நாங்கள் சின்ன ரயில் விடுகிறவர்கள். பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் நாவலூர் தினேஷுக்கு முகம் சுண்டிவிடும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையில், இக்பால் பாயின் ஹார்டுவேர் கடை மாடியில் கூடுவோம். நிஜத்தில் ஓர் அடி என்பது எங்களிடம் மூன்றரை மில்லிமீட்டர். ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட வரமாட்டார். நாலடி நீளப் பலகைகள், ஆளுக்கு இரண்டு மூன்று வைத்திருப்போம். அவரவர் வீட்டில் அவரவர் பலகைமேல் தண்டவாளம் போட்டு, வீடும் மரமும் செய்து எடுத்துவந்து, எல்லாவற்றையும் வரிசையாக முட்டவைத்துப் பூட்டினால் ஒரே பாதையாகிவிடும். தினேஷ் ஐ.டி. கம்பெனி ஆள், கொளவாய் ஏரிக்கரை அவருடையது. பாய் செங்கல்பட்டு ஜங்ஷனைச் செய்துகொண்டிருக்கிறார். தொடங்கிப் பல வருடமாகிறது, இன்னும் நாலாவது பிளாட்ஃபாரத்துக்குக் கூரை வரவில்லை. நான் பாலாற்றுப் பாலம்.

நான் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாயிற்று. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சில நாள் இரண்டு தடவை.

அக்கா எங்களிடம் வந்தது உப்புத்தாள் வாங்க வந்த இடத்தில். கீழே பாய் தாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது மாடியில் ரயில் ஓடும் சத்தம் கேட்டிருக்கிறது. படியேறி வந்துவிட்டார். கையில் ஒயர்கூடை. ஒரு வணக்கமில்லை, நாங்கள் யார் என்ற கேள்வியில்லை. பாயின் ஜங்ஷனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிளாட்ஃபாரத்தைக் காட்டினார்.

"இவரு இன்னாத்துக்கு குப்புறப் படுத்துக்கினு கீறாரு?"

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் விழுந்துகிடந்தார்.

"பசை வுட்டுடுச்சிம்மா" என்றார் பாய், பின்னாலேயே ஏறி வந்தவர். "வெயில் காலத்துல இது ஒரு பேஜாரு. நிக்கவே மாட்டானுங்க."

"இல்ல பாய். காரணம் இல்லாம வுழுவாரா? பெஞ்சிக்கு அடியில எதுனா உருண்டு பூட்டிருக்கும். தேடுறாரு."

பாய் அந்த ஆளை நிமிர்த்தி ஒட்டப் போனார். அக்கா விடவில்லை. அடுத்த ஞாயிறு தீப்பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து, அதற்குள் இரண்டு ஆட்கள் கொண்டுவந்தார். பல் செட்டுக்கு வைக்கும் மெழுகில் செய்தது. ஒருத்தி முழங்காலில் கை ஊன்றி பெஞ்சுக்கடியில் எட்டிப் பார்க்கிறாள். ஒரு பெரியவர் இடுப்பில் கை வைத்து நின்று, அங்கே இல்லை இங்கே என்று விரல் நீட்டுகிறார். மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, விழுந்துகிடந்தவர் தொலைத்தது ஒரு தோட்டின் திருகாணி என்று எனக்கே தோன்றிவிட்டது. தினேஷ் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க எங்க டீம்ல ஜாயின் பண்ணிடுங்க" என்றார்.

"நாஸ்தா குடுப்பீங்களா?" என்றார் அக்கா.

அக்காவுக்குப் பிறந்த ஊர் கருங்குழி. கட்டிக்கொடுத்தது சதுரங்கப்பட்டினம். வீட்டுக்காரர் தவறிப்போய், ஒரே மகளைக் காலேஜில் படிக்கவைத்துக்கொண்டு, தினம் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு லேபுக்கு வந்துபோனார். முதல் பலகையாகப் பிறந்த ஊர் ஸ்டேஷனைச் செய்தார். இரண்டாவது பலகையில் கருங்குழிக்கு வெளியே ஒரு ஏரி செய்யச் சொல்லியிருந்தோம். பெயின்டில் எதையோ அதிகமாகக் கலந்து தண்ணீர் பச்சையும் நீலமுமாக வந்துவிட்டது. கரையில் ஊற்றிய மாவு நுரைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நின்றது. பலகையை மேஜைமேல் வைத்துப் பார்த்தோம். ஏரி மாதிரியே இல்லை.

"அக்கா, இது கடல் மாதிரி இருக்கே" என்று தினேஷ் மெதுவாகச் சொன்னார்.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கடலே தான். அப்போ இது சதுரங்கப்பட்டினம்."

"சதுரங்கப்பட்டினத்துல ஏதுக்கா ரயிலு? லைனே கிடையாதே."

"பஸ்ஸு ஒழுங்கா வர்ல. அதான் ரயிலு வுட்டுட்டேன்."

தினேஷ் வாதாடினார். நாம் இருப்பதைத்தான் செய்கிறோம், இல்லாததைச் செய்தால் மற்ற ஊர்க் குழுக்காரர்கள் சிரிப்பார்கள் என்றார். பாய் பீடிக்கட்டைத் தேடிக்கொண்டே, "இருக்கட்டும்பா, என் மச்சான் வூடு அங்க தான் கீது. ஒரு தபா போயிட்டு வரலாம்" என்றார். அவ்வளவுதான். எங்கள் பாதை அன்றிலிருந்து பாலாற்றைத் தாண்டி, கருங்குழியைத் தாண்டி, கடலில் போய் முடிகிறது.

அதற்கப்புறம் அக்காவின் பலகைகளில் காரணங்கள் பெருகிக்கொண்டே போயின. ஒரு விளக்குக் கம்பம் சாய்வாக ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை அதன் பக்கத்தில் முன்விளக்கு நசுங்கிய லாரியும், டிரைவரின் சட்டையைப் பிடித்த ஒரு அம்மாவும் வந்துவிட்டார்கள். ஒரு வீட்டுச் சுவருக்கு வெள்ளை போதாமல் ஈறு செய்யும் ரோஸ் கலரை அடித்துவிட்டார். அது கல்யாண வீடாகி, வாசலில் வாழைமரம் நின்றது. ஏதாவது கோணலைக் காட்டினால் போதும், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு ஒரு நொடி யோசிப்பார். பிறகு அந்த வார்த்தை வரும்.

"காரணம் இல்லாம கோணுமா தம்பி?"

நாங்கள் அதற்காகவே கோணலைத் தேட ஆரம்பித்தோம்.

என் பாலத்தை நான் முதன்முதலில் கொண்டுவந்த நாளைச் சொல்ல வேண்டும். அதற்காக எட்டு மாதம் உழைத்திருந்தேன். தூண்களை நேரில் போய் எண்ணி, மறுபடியும் எண்ணி, திரும்பி வரும் வழியில் சந்தேகம் வந்து இன்னொரு தடவை போய் எண்ணியவன். எல்லாம் சரியாக இருந்தது. பலகையைப் பாயின் ஜங்ஷனோடு சேர்த்துப் பூட்டினால், என் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. என் வீட்டுத் தரை சமமில்லை. அங்கே வைத்துப் பலகையின் கால்களை அளந்து வெட்டிவிட்டேன். எங்கள் ரயிலுக்கு இரண்டு மில்லிமீட்டர் என்பது படிக்கட்டு. இன்ஜின் என் பாலத்தில் கால் வைத்ததும் குப்புற விழுந்தது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. படித்தவர்கள் நடுவில் நமக்கு என்ன வேலை என்று அன்றைக்கும் தோன்றியது. அது எப்போதும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிடலாம் என்று பூட்டில் கை வைத்தேன்.

"ஆத்துல தண்ணி வந்துச்சி" என்றார் அக்கா.

"என்னக்கா?"

"பாலாத்துல தான்பா. இந்த வருசம் வெள்ளம். தூணுக்கு அடியில மண்ண அரிச்சிட்டுது. பாலம் எறங்கிடுச்சி. நாங்கெல்லாம் சேந்து முட்டு குடுக்கப் போறோம். நீ இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி வச்சிக்கினு கீற?"

பையிலிருந்து ஒரு மெழுகுத் தகட்டை எடுத்தார். துண்டு போட்டு, என் பலகையின் காலுக்கடியில் ஒவ்வொன்றாகச் செருகினார். ரயில் சத்தமில்லாமல் பாலத்தில் ஏறியது. எனக்கு உடனே அடுத்த பயம்: வெயிலில் மெழுகு இளகிவிட்டால்? பதினொரு மணிக்கு இளகித்தான் போயிற்று. அதற்குள் பாய் பிளைவுட் சில்லு சீவிவிட்டார். அன்று நான் படியிறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை.

என் பயத்துக்கு ஒரு வேலையையும் அக்காவே கொடுத்தார். "இவன இன்ஸ்பெக்டர் ஆக்கிடுங்க. நாம பாக்காததெல்லாம் இவன் கண்ணுல தான் பட்து." அதிலிருந்து பலகைகளைப் பூட்டியதும் தண்டவாளம் சேரும் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பார்ப்பதும், நீளமான ரயில் பெட்டியை முதலில் தள்ளிப் பார்ப்பதும், புதிதாக வருவதையும் குற்றங்குறைகளையும் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்வதும் என் பொறுப்பு. பெருமையாக இருந்தது. அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளை எழுதுவது அக்காதான். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. பல்லில் மேல்பூச்சு கொடுக்கும் தூரிகையிலிருந்து நாலு மயிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுவார். அதை வைத்து எழுதுவார். முதல் வருடம் எழுதிய 'கருங்குழி' மஞ்சளை அடைத்துக்கொண்டு தடித்தடியாக இருந்தது. அடுத்த வருடம் 'சதுரங்கப்பட்டினம்' சின்ன எழுத்தில் வந்தது. பெயர் நீளமாயிற்றே என்று நினைத்தோம். அப்புறம் பாய் மாடியில் மழை ஒழுகி முதல் பலகை ஊறிப்போக, அக்கா 'கருங்குழி'யைப் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார். மஞ்சளுக்கு நடுவில் எறும்பு வரிசையாக நின்றதுபோல் இருந்தது எழுத்து. தினேஷ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "செமக்கா! ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடியுது" என்று கத்தினார்.

"சுத்தி இவ்ளோ மஞ்ச வுட்டுட்டியேக்கா?" என்று நான் கேட்டேன்.

"தூரத்துலேர்ந்து பாக்குறோம்ல" என்றார்.

எங்கள் உலகத்தில் சின்னதாகச் செய்கிறவர்தான் பெரிய ஆள். பாய் "மாஷா அல்லா" என்று கை தட்டினார். தினேஷ் தட்டினார். நானும் தட்டினேன். நான் எடுத்த படத்தை தினேஷ் வெளியூர்க்காரர்களும் இருக்கும் எங்கள் போன் குழுவில் போட, பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கைதட்டும் பொம்மைகள் வந்து விழுந்தன. அக்கா போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

அதே சமயத்தில்தான் அக்காவின் கையைக் கவனித்தேன். டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை ஆடும். டம்ளருக்குள் டீ வட்டம் வட்டமாக அதிரும். கேட்டால், "இன்னிக்கி மூணு செட்டு ராவுனேன். மிசினு ஆட்டம் கையிலயே நிக்கிது" என்பார். லேபுக்கு விடுமுறையான நாளில் கேட்டேன். "நேத்திக்கு ராவுனது" என்றார். இன்னொரு நாள், காலையில் சாப்பிடவில்லை என்றார். இன்னொரு நாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன் என்றார். படியிறங்கும்போது பின்னாலிருந்து பார்த்தேன். இடது கை முன்னும் பின்னும் வீசியது. வலது கை பையைத் தூக்காமலேயே பையைத் தூக்கியதுபோல் உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

என் பயத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் பயந்துவிட்டு, நிஜமானது வரும்போது, இதுவும் வழக்கமான பயம்தான் என்று என்னையே ஏமாற்றிவிடும். அக்கா சொன்ன காரணங்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குக் காட்டுவோம். அந்த வருடம் மாமல்லபுரத்தில், பாய்க்குத் தெரிந்தவருடைய கல்யாண மண்டபத்தில். ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணி வண்டி. தட்டையான ஒரு பெட்டிமேல் சோடா பாட்டில் மூடியைக் கவிழாமல் ஒட்டி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஏரிக்கரையிலிருந்து கடல்வரை ஓட்டுவது. எந்தப் பலகையில் சிந்துகிறதோ அந்தப் பலகைக்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் நாஸ்தா. ஓட்டுவது எப்போதும் அக்கா. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு திருகு உண்டு, நான் செய்தது. அக்கா அதில் இரண்டு விரலை வைத்தால் வண்டி எப்போது கிளம்பியது என்றே தெரியாது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்போம்.

அன்று வண்டி கிளம்பியதே தெரிந்தது. விக்கல் வந்த மாதிரி ஒரு குலுக்கல்.

"யோவ் தினேஷு, உன் ஏரியில தான் சிந்துது! இட்லி சொல்லு, வடை சொல்லு" என்று பாய் ஆரம்பித்தார். அடுத்து அவருடைய ஜங்ஷனிலேயே சிந்தியது. என் பாலத்தில் சிந்தியது. கருங்குழியில் சிந்தியது. கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடியில் பாதிதான் இருந்தது.

"யார் தப்பு இது?" என்று தினேஷ் சிரித்தார். "அக்கா, காரணம் சொல்லுங்க!"

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தோம். அக்கா உதட்டை மடித்துக்கொண்டார். வழக்கத்தைவிட நேரமாயிற்று.

"கடக்காத்துப்பா. ஜன்னல மூடுங்க."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சமுத்திரத்துக்கு எதிரே ரயில் விட்டால் இப்படித்தான் என்றார். நான் மட்டும் ஜன்னலைப் பார்த்தேன். எல்லா ஜன்னலும் மூடித்தான் இருந்தன.

தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். மூட்டு சரியில்லையென்றால் மூட்டில் சிந்தும். இங்கே நேரான இடத்தில், நான் மூன்று தடவை தடவிப் பார்த்த இடத்தில், ஒரு சாண் தூரத்துக்கு ஒரு சொட்டு என்று வரிசையாகக் கிடந்தது. பலகையின் குற்றமில்லை.

சாயங்காலம் அக்காவோடு பஸ் நிறுத்தம்வரை போனேன். அக்கா ஊருக்குப் போகிற கல்பாக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். சங்கு விற்கிறவர்கள் கடையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று மண்டபத்திலேயே நாலைந்து விதமாகப் பேசிப் பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, உன் கை ஆடுது."

"ஆடுனா இன்னா? காத்தாலேர்ந்து நின்னுக்கினே கீறேன்."

"ஜன்னல் மூடிதான்க்கா இருந்துச்சி."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பஸ் வரும் பக்கத்தையே பார்த்தார்.

"நீ எல்லாத்துக்கும் ஒரு காரணம் சொல்ற. எனக்கு அது புடிக்கும். அதாலதான் நான் இங்க கீறேன். ஆனா இதுக்கு நீ சொல்லக் கூடாதுக்கா. டாக்டரு சொல்லட்டும்."

"எனுக்குக் கோளாறுன்னு சொன்னா உனுக்கு சந்தோசம். எதுல கோளாறு கீதுன்னு தேடுறது தானே உன் வேல? பூட்டப் பத்து தபா இழுத்துப் பாக்குறவன்தானே நீ?"

"ஆமா. பயந்தாங்கொள்ளிதான். இது நெஜமா பயமா கீதுக்கா."

"இன்னாடா தெரியும் உனுக்கு?" திரும்பிவிட்டார். கண் நிறைந்திருந்தது. "என் கை நாலு பேரு வாயில கீதுடா. கை ஆடுதுன்னு லேப்ல தெரிஞ்சா மறுநாளே எழுந்து போன்னுவான். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் கீது. டாக்டராண்ட போயி, அவன் ஒரு பேரு சொல்லி, அப்புறம் அத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நீ வந்து பல்லு கட்டுவியா?"

பஸ் வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பாய் இரண்டு தடவை படியை எட்டிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றும், முன்னமே சொல்லியிருக்கலாமோ என்றும் மாறி மாறி ஓடியது. போனை எடுப்பேன், வைப்பேன். மூன்றாவது வாரம், கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது அக்காவின் போன் வந்தது.

"தம்பி, நாளைக்கி கடைய தொறக்கணுமா?"

"இல்லக்கா. ஏன்?"

"நரம்பு டாக்டராண்ட சீட்டு வாங்கிக்கீறேன். பொண்ணாண்ட சொல்லல. தனியா போவ பயமா கீது. பயப்படத் தெரிஞ்ச ஆளு நீதான்."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கும் என்னைப்போல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது நடுக்குவாதம். முழுசாகப் போகாது என்றாலும் மாத்திரையில் அடங்கியது. லேபில் நுணுக்கமான வேலையை விட்டுவிட்டு மாவு ஊற்றுகிற வேலைக்கு மாறி, மகள் படிப்பை முடிக்கும்வரை அக்கா அங்கேயே இருந்தார். இப்போது மகளோடு வேலூர்ப் பக்கம் இருக்கிறார். நாங்கள் பார்த்துக் கொஞ்ச காலம் ஆகிறது. பாய் மட்டும் மாதம் ஒரு முறை, அக்காவிடம் காரணம் கேட்பதற்கென்றே எதையாவது கோணலாக ஒட்டிப் படம் அனுப்புகிறார்.

டாக்டர் இளவயதுப் பெண். கையைப் பிடித்து மடக்கினார், நீட்டினார். விரலைத் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டார். அக்கா, "மிசினுல ராவுறதால..." என்று ஆரம்பித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார். அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன்.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளினார். "ஏதாவது ஒரே வார்த்தையைப் பத்து தடவை எழுதுங்க. ஒன்னுக்குக் கீழ ஒன்னு."

"இன்னா எழுதறது?"

"உங்க ஊர்ப் பேரை எழுதுங்களேன்."

அக்கா எழுதினார். முதல் 'கருங்குழி' நன்றாக, குண்டு குண்டாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் ஒடுங்கியது. நாலாவதில் கால்கள் குறுகின. ஏழாவது, எட்டாவது எல்லாம் பேனா நகர்கிறதே தவிர எழுத்து வளரவில்லை. பத்தாவது 'கருங்குழி' எறும்பு வரிசையாக நின்றது.

அந்த எறும்புகளை எனக்குத் தெரியும்.

டாக்டர் அந்தக் கடைசி வரியில் விரல் வைத்து, "இந்த வியாதியில எழுத்து இப்படிச் சுருங்கும். முன்னாடி எப்படி எழுதுவாங்க, ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். போனை எடுத்தேன். ஒவ்வொரு வருடத்துப் பெயர்ப் பலகையையும் காட்டினேன். தடித்தது, ஒடுங்கியது, சுருங்கியது. டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். "இது ரொம்ப உபயோகமா இருக்கு. மூணு வருஷமாவே இருந்திருக்கு" என்றார். மூன்றாவது படத்துக்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள் இருந்தன. அவசரமாகத் தள்ளிவிட்டேன். டாக்டர் பார்க்கவில்லை. அக்கா பார்த்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா மாத்திரைச் சீட்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம். மூட்டில் தலைமயிர் அளவு இடைவெளி இருந்தாலும் படம் பிடித்து வைப்பவன். அதைப் படம் பிடித்தேன். படம் பிடித்துவிட்டு...

"அக்கா, நாங்க கை தட்டுனோம்" என்றேன்.

"ம்."

"உனக்கு நோவு வந்துக்கினு இருந்துச்சி. நாங்க சுத்தி நின்னுக்கினு கை தட்டுனோம். நான்தான் இன்ஸ்பெக்டரு. எனக்குத் தோணியிருக்கணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புக்கா. பெரிய தப்பு. நான் தட்டியிருக்கவே கூடாது."

அக்கா சீட்டை மடிப்பதை நிறுத்தினார். உதட்டை உள்ளே மடிக்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"இருவத்திரெண்டு வருசமா பல்லு கட்றேன்" என்றார். "நான் கட்டுன பல்லப் போட்டுக்கினு இந்த ஊரே சிரிக்கிது. ஒருத்தனுக்கும் என் மூஞ்சி தெரியாது. அன்னிக்கி நீங்க மூணு பேரும் தட்டுனீங்க. அப்புறம் அந்த போன்ல எவன் எவனோ தட்டுனான். பஸ்ஸுல வூட்டுக்குப் போற வரைக்கும் எனுக்குக் காதுல அந்தச் சத்தம் தான். பொண்ண எழுப்பி வச்சி சொன்னேன்."

வலது கை மடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் மூடவில்லை.

"நோவு வந்ததுக்கு நீ இன்னா பண்ணுவ? ஆனா அந்தக் கைதட்டு என்னுது. அத திருப்பி வாங்கிக்காத தம்பி."